மாமா வீட்டு விலாசம்

மகளின் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற கடிதம் அவளுடைய பையில், பாதி கடித்த ஆப்பிளுக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. கொரோனா வருவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஓர் ஒக்டோபர் மாதம். மருந்துப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டும் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த நான், சப்பாத்தைக் கழற்றாமலே நின்று வாசித்தேன். மூடப்போகிறோம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வகுப்பறைகளில் பாதி வெறுமையாக இருப்பதால் பள்ளியின் எதிர்காலத்தை மீளாய்வு செய்யப்போகிறார்களாம். பெற்றோரின் கருத்துகளை ஆவலோடு எதிர்பார்க்கிறார்களாம். இந்த நாட்டில் இத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு அந்தப் பாஷை விளங்காதா? தொழிற்சாலையில் ஆட்களை நிறுத்துவதற்கு முன்பும் இப்படித்தான் இனிக்க இனிக்க எழுதுவார்கள்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. ஓட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். ஐந்து வயதுவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இவளைப் போன்ற ஏழெட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய வகுப்பு இருந்தது. அங்கே சேர்ந்த இரண்டாவது வருடம், வகுப்பு ரீச்சர் நான் வேலை செய்யும் இடத்துக்கே போன் எடுத்தார். "உங்கள் மகள் இன்று ஒரு சொல் சொன்னாள், எங்களுக்கு விளங்கவில்லை, தண்ணி என்றால் என்ன?" என்று கேட்டார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். சூப்பர்வைசர் ஓடிவந்து வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டான்.

இன்னொரு விஷயம், பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மகளுக்குப் பெரிய எஞ்சின் சத்தம் ஆகாது. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றாலே காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் படுத்துவிடுவாள். ஆகவே இந்தப் பள்ளிக்கூடத்தை மூடினால் என்ன நடக்கும் என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. அவளைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி, எங்கேயோ இருக்கிற இன்னொரு பள்ளிக்கு அனுப்புவார்கள். அவள் கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்திருந்த முப்பது நாற்பது சொற்களும் போய்விடும். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

இனிச் சொல்லக் கூச்சமான பகுதிக்கு வருகிறேன். அந்த வகுப்பறைகளை வெறுமையாக்கியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள்தான்.

மில்லிக்கனில் எங்கள் தெரு முழுக்கப் பிள்ளைகள். வீட்டுக்கு இரண்டு, மூன்று; பேஸ்மென்டில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் தனி. ஆனால் காலை ஏழரை மணிக்கு அந்தப் பிள்ளைகள் எல்லாம் வான் வண்டிகளில் ஏறி, ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே போய்விடுவார்கள். அங்கே மார்க்கம் என்ற அடுத்த நகரம். அங்கத்தைப் பள்ளிக்கூடங்கள் புதியவை, தரவரிசையில் மேலே இருப்பவை, இன்னொரு கல்விச் சபையின் கீழ் வருபவை. அந்த வட்டாரத்தில் வீடு இருந்தால்தான் பிள்ளையை எடுப்பார்கள். எங்களுக்கு அங்கே வீடு இல்லை. ஆனால் வீடு உள்ள அண்ணன், மச்சாள், சித்தப்பா யாராவது இருந்தார்கள். அவர்களுடைய விலாசத்துக்கு ஒரு போன் பில்லையும் ஒரு வங்கிக் கடிதத்தையும் வரப்பண்ணினால் காரியம் முடிந்தது. விலாசம் குடுக்கிறது என்று இதற்குப் பெயர். பிறந்தநாள் விழாக்களில் சோற்றுக்கோப்பையோடு நின்றபடி, யார் யாருக்கு விலாசம் கொடுத்தார்கள் என்று சிரித்துச் சிரித்துக் கதைப்போம். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. விலாசம் தர மறுத்த உறவினரைத்தான் கெட்டவர் என்றோம்.

நானும் அப்படி ஒரு விலாசம் வாங்கினேன். மகனை, மகளின் அண்ணனை, என் தமையனின் மார்க்கம் விலாசத்தில்தான் பதிந்தேன். அப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. காலையில் பல் தீட்டும்போதும் சாப்பிடும்போதும் மாமா வீட்டு இலக்கத்தையும் தெருவையும் தபால் குறியீட்டையும் சொல்லச் சொல்லிப் பாடமாக்கினேன்.

"ரீச்சர் கேட்டா எங்க இருக்கிறம்?"

"மாமா வீட்டை."

"மாமா வீட்டை இல்லையடா, எங்கட வீட்டை எண்டு சொல்ல வேணும்."

பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிவிட்டு, பெரிய கெட்டிக்காரி என்று நினைத்து வேலைக்குப் போனேன்.

மகளையும் அங்கேயே சேர்க்கப் போனபோதுதான் அகப்படப் பார்த்தோம். அவளுக்குத் தேவையான உதவி கிடைக்க வேண்டுமென்றால் ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்றார்கள். தமையன் வீட்டில் எங்கள் செருப்புக் கூட இல்லை. அன்று பின்வாங்கியவர்கள்தான், வேறு வழி இல்லாமல் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதிபர் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஓய்வு பெறும் வயது. ஏன் மூத்தவனை இங்கே விடவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழந்தாளில் குந்தி, மகளின் கண்ணுக்கு நேரே பார்த்து, நல்வரவு என்றார்.

இந்தப் பள்ளியைத்தான் இப்போது மூடப்போகிறார்கள். பிள்ளைகள் இல்லையாம்.

ஒரு மனு எழுதுவோம் என்று முடிவு செய்தேன். மகன் அப்போது ஏழாம் வகுப்பு; அவன் இங்கிலீஷைத் திருத்தித் தந்தான். பெயர், விலாசம், கையெழுத்து என்று கோடு போட்டு, அட்டையில் கவ்வி, சனி ஞாயிறுகளில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் நல்ல சனம். தேத்தண்ணி தந்தார்கள். மகளைப் பற்றிக் கேட்டுக் கவலைப்பட்டார்கள். ஆனால் பேனையைக் கையில் எடுத்தவுடன் ஒரு தயக்கம்.

முன்வீட்டு அண்ணை அதை வாய்விட்டே சொன்னார். மூன்று பிள்ளைகளைத் தன் மச்சானின் விலாசத்தில் மார்க்கத்துக்கு அனுப்புபவர். எங்கள் மகனும் அவருடைய வானில்தான் போய் வந்தான்.

"பிள்ளை, போடுறதுக்கு எனக்கு ஒண்டுமில்லை. ஆனா உதில அட்ரஸ் எல்லே கேக்கிறாங்கள். இஞ்சத்தை அட்ரஸைப் போட, அது அங்கை மாட்டுப்பட்டுதெண்டா? பெரியவளுக்கு அடுத்த வருசம் ஹைஸ்கூல்."

"அண்ணை, அது வேற போர்ட், இது வேற போர்ட்."

"கம்பியூட்டரில எல்லாம் ஒண்டுதான் பிள்ளை."

எனக்கு அன்று கால் உளைந்தது. இன்னும் பன்னிரண்டு வீடு இருந்தது. நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.

"எந்த அட்ரஸ் வசதியோ அதைப் போடுங்கோ அண்ணை. கையெழுத்துத்தான் முக்கியம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. மச்சானின் விலாசத்தை அழகான எழுத்தில் எழுதி, கையெழுத்தும் வைத்தார். அதற்குப் பிறகு எந்த வாசலிலும் தயக்கம் இருக்கவில்லை. ஆட்கள் தயங்குவதற்கு முன்பே நான் அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தேன். தாள்கள் நிறைந்தன. அந்த மாதக் கடைசியில் ஒரு தடித்த கடித உறையைக் கொண்டுபோய்ப் பள்ளிக் கந்தோரில் கொடுத்தபோது, பெரிய போராளி என்ற நினைப்பு எனக்கு.

கூட்டம் நவம்பரில், ஒரு பின்னேரம், பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. கல்விச் சபையிலிருந்து வந்த அதிகாரி ஒரு இளம் ஆள், நல்ல கோட். திரையில் கோடுகள் இறங்கிக்கொண்டு போவதைக் காட்டினான். எங்கள் பக்கத்து ஆட்கள் நான் நினைத்ததை விட நிறைய வந்திருந்தார்கள். பிறகுதான் விளங்கியது, பாதிப்பேர் வந்தது ரியூஷன் மாஸ்டர் பேசுவதைக் கேட்கத்தான்.

ரியூஷன் மாஸ்டரைத் தெரியாதவர்கள் எங்கள் பகுதியில் இல்லை. பிளாசாவில், பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில், கணிதம் படிப்பிக்கிறவர். அவர் எழும்பி, முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் கதைத்தார். பிள்ளைகள் போகாத பள்ளியை ஏன் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் செலவழிக்கிற காசை ஒரு வவுச்சராகத் தாய் தகப்பன் கையில் கொடுக்கட்டும். பெற்றோர் விரும்பிய தனியார் பள்ளியில் அதைக் கட்டட்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் இருக்கிறதே, இங்கே ஏன் கூடாது?

"வவுச்சர் வந்தா நாங்களே ஒரு பள்ளிக்கூடம் துவங்கலாம். எங்கட பிள்ளையள், எங்கட ஒழுங்கு. தமிழும் படிப்பிக்கலாம். ஒருத்தரிட்டையும் அட்ரஸுக்குக் கெஞ்சத் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனத்துக்குச் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. தமிழ் விளங்காத அதிகாரியும் மரியாதைக்குச் சேர்ந்து தட்டினான். எனக்கு அந்த மனிதர் மீது கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. ஒளித்துப் பிடித்து வாழ்கிற வாழ்க்கை எல்லோருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் என் மகளை வைத்துப் பார்த்தேன். எழும்பிக் கேட்டேன்.

"மாஸ்டர், உங்கட பள்ளிக்கூடத்தில என்ரை மகளை எடுப்பியளோ?"

அவர் நல்லவர், முகம் வாடிவிட்டது.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. நாங்கள் சின்னனாத்தான் துவங்குவம். முதல்ல ஒரு டெஸ்ட் வைச்சு எடுப்பம். அப்பிடிப் பிள்ளையளுக்கெண்டு வேற இடங்கள் இருக்குத்தானே."

அந்த வேறு இடத்தில்தான் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நான் அதைச் சொல்வதற்குள் அதிகாரி மைக்கை எடுத்துவிட்டான். ஒரு மனு கிடைத்ததாகவும், அதற்கு நன்றி என்றும் சொன்னான். நான் நிமிர்ந்து இருந்தேன். மனுவைக் கவனமாகப் பார்த்தார்களாம். கையெழுத்திட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் மார்க்கத்தில் வசிப்பவர்களாம். இந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருப்பவர்கள் சொற்பமாம். அயல் நகரத்து நண்பர்களின் அக்கறையைத் தாங்கள் மதிக்கிறார்களாம்; ஆனால் இந்தப் பகுதியில் போதிய பிள்ளைகள் இல்லை என்பதைத்தான் மனுவும் காட்டுகிறதாம்.

என் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிப் பார்த்தேன். அயல் நகரத்து நண்பர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வீட்டு அண்ணை ஜக்கெட் ஸிப்பை மேலே இழுப்பதும் கீழே இறக்குவதுமாக இருந்தார். அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் பத்து நிமிட நடைதூரத்தில் குடியிருப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகளை எண்ணினால் அந்தப் பள்ளிக்கூடம் கொள்ளாது.

மைக்குக்குப் போனேன். மகனும் கூடவே வந்தான், எனக்கு இங்கிலீஷ் தடக்கினால் எடுத்துக்கொடுக்க. சொல்ல வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், நாங்கள் பொய் சொன்னோம், பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவருகிறோம், ஒரு வருடம் தாருங்கள். அவ்வளவுதான்.

"முதலில் உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொல்லுங்கள்" என்றான் அதிகாரி. பக்கத்தில் ஒரு பெண் எழுதுவதற்குத் தயாராக இருந்தாள்.

பெயரைச் சொன்னேன். பக்கத்தில் மகன். அவனுக்கு இன்னும் ஒரு வருடம் அங்கே இருந்தது. பிறகு அங்கத்தை ஹைஸ்கூல், அதற்குப் பிறகு யூனிவர்சிட்டி என்று நாங்கள் கட்டி வைத்திருந்த கோட்டை முழுக்க அந்த ஒரு விலாசத்தின் மேல் நின்றது. என் வாய் திறந்தது. மாமா வீட்டு இலக்கமும் தெருவும் தபால் குறியீடும் ஒரு தடங்கல் இல்லாமல் வந்தன. மகன் சடாரென்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பழக்கத்தில் வந்துவிட்டது என்று பிறகு கணவருக்குச் சொன்னேன். தமையனுக்கும் அப்படித்தான் சொன்னேன். பழக்கம் இல்லை. பயம்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அதிகாரி புன்னகைத்தான். "நன்றி. இன்று முதலில் இந்தப் பகுதியில் வசிப்பவர்களைக் கேட்போம். நேரம் இருந்தால் கடைசியில் உங்களை அழைக்கிறேன்." என் மகள் இங்கே படிக்கிறாள் என்று கத்தியிருக்கலாம். கத்தினால், மார்க்கத்தில் இருக்கிறவளின் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பான். நானே கட்டிய வலைக்குள் நானே நின்றேன். போய் இருந்துவிட்டேன். கடைசியில் நேரம் இருக்கவில்லை.

அதிபர் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றார். நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் மீது எனக்கு ஆத்திரமாக இருந்தது. நான் சொல்லாததை அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டேன், வெட்கம் இல்லாமல்.

வசந்தத்தில் கல்விச் சபையில் வாக்கெடுத்தார்கள். மூடுவதென்று முடிவானது. ஜூன் மாதக் கடைசி நாள் மகளைக் கூட்டிவரப் போனபோது, அதிபர் தன் அறைக்கு வரச் சொன்னார். சுவர்கள் வெறுமையாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெரு நேராகத் தெரிந்தது. நான் அந்த அறைக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்த ஜன்னலைக் கவனித்ததில்லை.

"ஒவ்வொரு நாள் காலையும் இதில் நின்று கோப்பி குடிப்பேன்" என்றார். "அந்த வான்களில் ஏறுகிற பிள்ளைகளை எனக்கு முகம் தெரியும். உங்கள் மகனையும் தெரியும்."

"தெரிந்தால் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போய்ப் பார்த்தார்.

"நான் சொன்னால் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள். பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துப் பள்ளிக்கூடம் நடத்த எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. மகள் வாசலில் நின்று என் கையை இழுத்தாள். வீட்டுக்கு வந்தோம்.

செப்டெம்பரில் பஸ் வந்தது. முதல் நாள் மகள் டிரைவ்வேயில் படுத்து, தலையைச் சீமெந்தில் இடித்தாள். நானும் கணவரும் பஸ் உதவியாளரும் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். என் கையில் அவள் பல் பதிந்த அடையாளம் கனநாள் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாவது கிழமை கத்துவது நின்றுவிட்டது. புதிய பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளை நன்றாகப் பழகிவிட்டாள் என்று குறிப்பு அனுப்பினார்கள். அவள் கத்துவதோடு சேர்த்துக் கதைப்பதையும் நிறுத்தியிருந்தாள். தாகம் என்றால் என் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். சொல்லு, சொல்லு என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கிய நாட்களும் உண்டு. இப்போது வளர்ந்துவிட்டாள். அந்தச் சொற்கள் இன்றுவரை திரும்பவில்லை.

அந்தச் செப்டெம்பரில் ஒரு காலை. மகளை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. மகன் பையோடு வாசலில் நின்றான். முன்வீட்டு அண்ணை வானை ஸ்டார்ட் பண்ணி, மற்றப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, இவனுக்காக ஹோன் அடித்தார். இவன் அசையவில்லை. பஸ் திரும்பிப் போன மூலையைப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அம்மா, அண்டைக்கு நீங்க உண்மையான அட்ரஸைச் சொல்லுவீங்க எண்டுதான் நான் நினைச்சனான். நான் ரெடியாத்தான் நிண்டனான்."

"உன்னை நிப்பாட்டிப் போடுவாங்களடா."

"ஸோ வட்? நான் இஞ்ச தங்கச்சியின்ரை ஸ்கூலுக்கு வந்திருப்பன். ரெண்டு பேரும் நடந்தே போயிருக்கலாம். எனக்கு எப்பவும் இங்கதான் வர விருப்பம். நீங்க ஒருக்காலும் என்னைக் கேக்கேல்லையே."

அண்ணை இன்னொரு தடவை ஹோன் அடித்தார். அவன் போய் வானில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான். அவர்கள் ஸ்ரீல்ஸ் பக்கம் திரும்பும்வரை டிரைவ்வேயில் நின்றேன்; பிறகு உள்ளே போய், வேலைக்குச் சாப்பாடு கட்டினேன்.